10 வெற்றி, 10 தோல்வி: பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஃபேன்ஸ் ஓனர் மேல ஏன் இவ்ளோ காண்டுல இருக்காங்க?

2025 மே 18, ஃபிலடெல்ஃபியால ஒரு அமெரிக்க பேஸ்பால் மேட்ச். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீம்ல பால் ஸ்கீன்ஸ்னு ஒரு பிட்சர், அதாவது பந்து போடுறவர், அப்ப 23 வயசு கூட ஆகல, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அவரே போட்டாரு. 8 இன்னிங்ஸ் (உள்ளூர் டீம் முன்னால இருந்ததால அவங்க ஒன்பதாவது ஆட வேண்டியே வரல), விட்டது ஒரே ஒரு ரன். இப்பல்லாம் ஒரு பிட்சர முழு மேட்ச்சும் போட விடுறதே அபூர்வம், கைய காப்பாத்தணும்னு அஞ்சாறு இன்னிங்ஸ்லயே மாத்திடுவாங்க, இவரு அங்க டாப் லீக்கான மேஜர் லீக்ல மொத தடவையா முழுசா போட்ட மேட்ச் அது. அதுல பைரேட்ஸ் 1-0ன்னு தோத்துச்சு. கூட ஆடுனவங்க ஒரு ரன் கூட எடுக்கல.

சரி, ஒரு நாள் அப்படி ஆகும்னு விட்டுடலாம். ஆனா அந்த சீசன் முழுக்க இதே கதைதான். ஸ்கீன்ஸோட இ.ஆர்.ஏ, அதாவது 9 இன்னிங்ஸுக்கு சராசரியா எத்தன ரன் விடுறாருங்கற கணக்கு, 1.97. 2-க்கு கீழ ஒரு சீசன முடிக்கறதுன்னா அது வேற லெவல், மேஜர் லீக்ல ஒரு பாதியான நேஷனல் லீக்ல அந்த வருஷம் அவருதான் மொத ஆளு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருத ஒரு ஓட்டு கூட பிசகாம தூக்குனாரு. அவரு பேர்ல எழுதுன வெற்றி தோல்வி கணக்கு? 10-10. பாதிக்குப் பாதி. டீம் மொத்தமா 71 ஜெயிச்சு 91 தோத்துச்சு, ஹோம் ரன் கணக்குல 30 டீம்ல கடைசி.

இந்த 10-10 தான் பிட்ஸ்பர்க் ஃபேன்ஸோட கோவத்த ஒரே வரில சொல்லிடுது. உலகத்துலயே பெஸ்ட் பிட்சர் ஒருத்தர் கைல இருக்காரு, அதுவும் அடிமாட்டு சம்பளத்துக்கு, அவரச் சுத்தி நாலு நல்ல பேட்டர வாங்கிப் போட ஓனருக்கு மனசு வரல. ஓனர் பேரு பாப் நட்டிங். ஆக்டன் நியூஸ்பேப்பர்ஸ்னு குடும்ப பத்திரிக்கை கம்பெனி வச்சிருக்கறவர், 2007-ல இருந்து டீமோட முக்கிய ஓனர். 2025 சீசன்ல உள்ளூர்ல நடந்த மொத மேட்ச் அன்னைக்கு ஸ்டேடியத்துக்கு மேல ஒரு குட்டி ப்ளேன் டீம வித்துடு பாப்னு பேனர் இழுத்துட்டு சுத்துச்சு. காசு போட்டு ப்ளேன் புடிச்சது ஃபேன்ஸ்தான்.

நான் அந்த ஊர்ல ஒரு மூணு வருஷம் இருந்தேன். ஞாயித்துக்கிழமை காலைல பென் ஹில்ஸ்ல வெங்கடேஸ்வரா கோயிலுக்குப் போய் கீழ கேன்டீன்ல புளியோதரைய கட்டிக்கிட்டு மத்தியானம் மேட்ச்சுக்குப் போறதுன்னு ஒரு நாலஞ்சு பேர் செட்டு. க்ளமென்டே ப்ரிட்ஜ்ல மேட்ச் நாளுக்கு கார விடமாட்டாங்க, மஞ்சக் கலர் பாலம், ஜனங்க மொத்தமா நடந்தே ஆத்தக் கடப்பாங்க, எதிர்ல ஸ்டேடியம். உள்ள போய் உக்காந்தா பீல்டுக்கு அந்தப் பக்கம் ஆறு, அதுக்கு அந்தப் பக்கம் டவுன்டவுன் பில்டிங்குங்க, சாயங்கால வெயில்ல பாத்தா கண்ணு நிறைஞ்சிடும். 2001-ல திறந்தாங்க, கட்டுன செலவுல பெரும்பகுதி பொதுப்பணம். இத ஏன் சொல்றேன்னா, ஃபேன்ஸோட கோவத்துல இதுவும் ஒரு பங்கு. எங்க ஊர் வரிப்பணத்துல கட்டுன இடம், அது இவ்ளோ அழகா இருக்கறதால டீம் மண்ணக் கவ்வுனாலும் வெளியூர்க்காரனும் குடும்பத்தோட வர்றவனும் டிக்கெட் வாங்கிடுறான், அப்புறம் ஓனருக்கு என்ன அவசரம்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான்.

ஆபீஸ்ல பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர் இருந்தாரு, பிறந்து வளந்தது எல்லாம் அங்கயே. பேஸ்பால் பத்தி நான் என்ன கேட்டாலும் 1992-ல இருந்துதான் ஆரம்பிப்பாரு. நம்ம ஊர்ல சொத்துத் தகராறப் பத்தி தாத்தாங்க பேசுற மாதிரி.

1992-ல என்னாச்சுன்னா, நேஷனல் லீக் ஃபைனல் தொடரோட ஏழாவது மேட்ச், அட்லாண்டாவுக்கு எதிரா, கடைசி இன்னிங்ஸ் வரைக்கும் பைரேட்ஸ்தான் முன்னால இருந்துச்சு. கடைசில ஃப்ரான்சிஸ்கோ கப்ரேரா அடிச்ச ஒரு ஹிட்ல சிட் ப்ரீம்னு ஒருத்தர் சறுக்கிட்டு ஹோம்ல, அதாவது ரன் முடியுற இடத்துல, வந்து விழுந்தாரு, கதை முடிஞ்சுது. இதுல கொடுமை என்னன்னா அந்த ப்ரீமே முன்னாடி பைரேட்ஸ்ல ஆடுனவர்தான். அந்த சீசன் முடிஞ்ச கையோட டீமோட பெரிய ஸ்டார் பேரி பாண்ட்ஸ் 6 வருஷத்துக்கு 43.75 மில்லியன் டாலருன்னு சான் ஃப்ரான்சிஸ்கோவுக்குப் போயிட்டாரு. அதுக்கப்புறம் 1993-ல இருந்து 2012 வரைக்கும் தொடர்ந்து 20 சீசன், ஒரு தடவை கூட ஜெயிச்ச மேட்ச் தோத்த மேட்ச்ச விட அதிகம்னு ஆகல. வட அமெரிக்காவோட பெரிய ப்ரொஃபஷனல் லீக்குங்கள்ல இதுதான் ரெக்கார்டு. 1992-ல பொறந்த குழந்தை காலேஜ் போற வரைக்கும் ஊர் டீம் உருப்படல.

இந்த 20 வருஷத்துக்கு நடுவுலதான் சந்தேகம் கோவமா மாறுச்சு. 2007 ஜூன்ல ஒரு மேட்ச்சுல மூணாவது இன்னிங்ஸ் முடிஞ்சதும் எந்திரிச்சு வெளில போகணும்னு ஃபேன்ஸ் போராட்டம் வச்சாங்க. 2010-ல இன்னும் பெருசா ஒண்ணு நடந்துச்சு, டீமோட உள் கணக்குத் தாளுங்க வெளில கசிஞ்சுது. 2007, 2008 ரெண்டு வருஷத்துல மட்டும் சேத்து கிட்டத்தட்ட 29 மில்லியன் டாலர் லாபம். மைதானத்துல அடி, பேங்க்ல லாபம். சின்ன ஊரு, காசில்லன்னு அதுவரைக்கும் கேட்டுட்டு இருந்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? டீம் தரப்புல, இளம் ஆளுங்கள எடுக்கற டிராஃப்ட்டுக்கும் டொமினிகன் ரிபப்ளிக்ல புதுசா கட்டுன அகாடமிக்கும்தான் பணத்த போடுறோம்னு விளக்கம். முழுப் பொய்யும் இல்ல அது, நிஜமாவே அகாடமி கட்டுனாங்க, டிராஃப்ட்ல செலவு பண்ணாங்க. ஆனா ஒரு தடவை கணக்கு நோட்ட பாத்துட்டவன் அதுக்கப்புறம் வாய்வார்த்தைய நம்பமாட்டான்.

இங்க கொஞ்சம் நிறுத்தி இந்தப் பண விஷயம் எப்படி ஓடுதுன்னு பாத்துடுவோம், இது புரியலன்னா கோவமும் புரியாது. ஐபிஎல்ல எல்லா டீமுக்கும் ஏலத்துல ஒரே அளவு பர்ஸ், 2025-க்கான மெகா ஏலத்துல 120 கோடி, அத தாண்ட முடியாது. மேஜர் லீக் பேஸ்பால்ல அந்த மாதிரி உச்சவரம்பு கிடையாது. ஒரு அளவத் தாண்டுனா, 2025-ல அது 241 மில்லியன் டாலர், தாண்டுனதுக்கு வரி கட்டணும், அவ்ளோதான். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2025-க்கு கட்டுன வரி மட்டுமே 169 மில்லியன் டாலர். அந்த வருஷம் பைரேட்ஸ் மொத்த டீமுக்கும் குடுத்த சம்பளம் அதுல ஏறக்குறைய பாதிதான். ஒருத்தன் ஃபைன் கட்டுற காசுல இன்னொருத்தன் ரெண்டு டீம் நடத்தலாம்!

மேல வரம்பு இல்லங்கறது எல்லாரும் பேசுறது. கீழயும் வரம்பு இல்லங்கறதுதான் பிட்ஸ்பர்க்காரங்க வலி. அதே ஊர்ல ஸ்டீலர்ஸ்னு ஃபுட்பால் டீம் இருக்கு, அந்த லீக்ல உச்சவரம்பும் உண்டு, குறைஞ்சது இவ்ளோ செலவு பண்ணியே ஆகணும்னும் உண்டு. பேஸ்பால்ல அப்படிப்பட்ட கட்டாயம் ஒண்ணும் கிடையாது. அதுக்கு மேல ரெவென்யூ ஷேரிங்னு ஒண்ணு இருக்கு, எல்லா டீமும் உள்ளூர் வருமானத்துல 48 சதவீதத்த பொதுவுல போட்டு 30 டீமும் சமமா பிரிச்சிக்கும், அதாவது பெரிய ஊர் காசு சின்ன ஊருக்கு வரும். நாடு முழுக்க ஓடுற டிவி பணமும் சமமா வரும். வர்ற இந்தப் பங்குப் பணத்த டீம பலப்படுத்தத்தான் செலவு பண்ணணும்னு விதி இருக்கு, ஆனா பலப்படுத்துறதுன்னா என்னன்னு யார் சொல்றது? 2018-ல பிளேயர்ஸ் யூனியன் பைரேட்ஸ் உட்பட நாலு டீம் மேல இதே விஷயத்துல புகார் குடுத்துச்சு. இது போக, தோத்தாலும் ஜெயிச்சாலும் டீமோட விலை ஏறிட்டே போகும். 1996-ல 100 மில்லியனுக்கும் கம்மியா கை மாறுன டீம், இன்னைக்கு ஃபோர்ப்ஸ் கணக்குல 1300 மில்லியனுக்கு மேல. நிலத்த வாங்கி சும்மா போட்டு வச்ச மாதிரிதான், உழுதாத்தான் விலை ஏறும்னு இல்ல.

நியாயத்த சொல்லிடணும், டாட்ஜர்ஸ் கூட போட்டி போடச் சொல்றது அநியாயம். அவங்க உள்ளூர் டிவி ஒப்பந்தமே 25 வருஷத்துக்கு 8.35 பில்லியன் டாலர், வருஷத்துக்கு சராசரியா 330 மில்லியனுக்கு மேல டிவில இருந்து மட்டும். பிட்ஸ்பர்க் அந்தக் கனவே காண முடியாது. ஒஹ்தானிக்கு 700 மில்லியன், சோட்டோவுக்கு 765 மில்லியன்னு பெரிய ஸ்டாருங்களுக்கு குடுக்கற ஆட்டத்துல பைரேட்ஸ் இருக்கணும்னு எந்த ஃபேனும் கேக்கல, நான் பேசுன வரைக்கும் ஒருத்தர் கூட கேக்கல.

அவங்க கைய காட்டுறது கேன்சஸ் சிட்டிய. பிட்ஸ்பர்க்க விட சின்ன மார்க்கெட். 2023-ல 106 மேட்ச் தோத்த டீம். 2024 பிப்ரவரில பாபி விட் ஜூனியர்ங்கற இளம் வீரருக்கு 11 வருஷத்துக்கு 288 மில்லியன் டாலருக்கு மேல எழுதிக் குடுத்தாங்க, வெளில இருந்து பிட்சருங்களயும் வாங்குனாங்க, அந்த வருஷமே 86 ஜெயிச்சு ப்ளே-ஆஃப் போயிட்டாங்க. இன்னொண்ணு மில்வாக்கி. அதுவும் சின்ன ஊரு, சம்பள லிஸ்ட்ல நடுவுக்கும் கீழ, 2025-ல லீக்லயே அதிகமா 97 வெற்றி. கடைசில ப்ளே-ஆஃப் தொடர்ல டாட்ஜர்ஸ் கிட்ட 4-0ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டாங்கங்கறது வேற விஷயம், ஆனா அந்த 97 வெற்றிய ஊரே கொண்டாடுச்சு. அந்த மில்வாக்கியே 2020-ல யெலிச்ங்கற அவங்க ஸ்டார் பேட்டருக்கு 200 மில்லியன் தாண்டுன கான்ட்ராக்ட் குடுத்திருக்கு. பைரேட்ஸ் 2025 வரைக்கும் குடுத்ததுலயே பெரிய கான்ட்ராக்ட் ப்ரையன் ரெனால்ட்ஸுக்கு 2023-ல 8 வருஷத்துக்கு 106.75 மில்லியன். 100 மில்லியன தொட்டதே அதுதான் மொத தடவை.

மில்வாக்கிய பாத்தா காசு மட்டுமே பிரச்சனை இல்லன்னும் தெரியுது. யார வாங்குறோம் யார விக்கறோம்ங்கற மூளையும் வேணும், அதுலயும் பிட்ஸ்பர்க் சொதப்பிருக்கு. 2013-ல இருந்து 2015 வரைக்கும் மூணு வருஷம் ஊருக்கு நல்ல காலம். 2013 அக்டோபர் 1 ராத்திரி, 21 வருஷம் கழிச்சு ப்ளே-ஆஃப், சின்சினாட்டிக்கு எதிரா, ஸ்டேடியமே கருப்பு சட்டை, எதிரணி பிட்சர் ஜானி குவேட்டோ பேர ராகம் போட்டு மொத்த ஜனமும் கத்துறாங்க, அந்தாளு கைல இருந்து பந்து நழுவி கீழ விழுந்துச்சு, எடுத்துப் போட்ட அடுத்த பந்த ரஸல் மார்ட்டின் ஹோம் ரன் அடிச்சாரு. பக்கத்து சீட்டு பெரியவர் இத சொல்லும்போது கைய நீட்டி பந்து விழுந்த மாதிரி நடிச்சே காட்டுவாரு, அந்த ஒரு கதைய மட்டும்தான் அவரு சிரிச்சிக்கிட்டே சொல்லி நான் கேட்டிருக்கேன்.

2015-ல 98 வெற்றி. கிட்டத்தட்ட 25 லட்சம் பேர் மைதானத்துக்கு வந்தாங்க, ஜெயிச்சா ஜனம் வரும்னு நிரூபணமே ஆச்சு. அப்ப இன்னும் கொஞ்சம் போட்டு டீம பலப்படுத்திருக்கணும். அந்த டிசம்பர்லயே சொந்த ஊர்ப் பையன் நீல் வாக்கர நியூயார்க்குக்கு ட்ரேட் பண்ணாங்க, அடுத்த வருஷம் 78 வெற்றிக்கு இறங்கிடுச்சு. 2018 ஜனவரி, பொங்கல் வாரம்னு வச்சிக்கோங்க, 13-ஆம் தேதி பிட்சர் கெரிட் கோல ஹூஸ்டனுக்கு தள்ளிட்டாங்க, ரெண்டு நாள் கழிச்சு 2013-ல லீக்கோட மதிப்புமிக்க வீரர் விருது வாங்குன ஆண்ட்ரூ மெக்கட்சன சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு. ஊரே செல்லப்பிள்ளையா வச்சிருந்த ஆளு. டீம வித்துடுன்னு போட்ட பெட்டிஷன்ல பத்தாயிரக்கணக்குல கையெழுத்து விழுந்துச்சு, அந்த வருஷம் மைதானத்துக்கு வந்தது 15 லட்சத்துக்கும் கம்மி.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. அதே 2018 ஜூலைல, கடைசியா ஃபேன்ஸ் கேட்ட மாதிரி துணிஞ்சு ஒரு பெரிய பிட்சர வாங்குனாங்க, க்ரிஸ் ஆர்ச்சர். அவருக்கு பதிலா குடுத்தது டைலர் க்ளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் மூணு பேர். ஆர்ச்சர் இங்க வந்து சோபிக்கல, மெடோஸ் அடுத்த வருஷமே ஆல்-ஸ்டார், க்ளாஸ்னோ 2025-ல டாட்ஜர்ஸ்ல சாம்பியன். கஞ்சன் வீட்ல ஒரு நாள் விருந்து வச்சானாம், அன்னைக்குப் பாத்து சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்ற கதைதான். கோலுக்கு பதிலா வந்தவங்கள்ல ஜோ மஸ்க்ரோவ்னு ஒருத்தர் இருந்தாரு, அவரயும் 2021-ல சான் டியாகோவுக்கு அனுப்புனாங்க, போன மூணாவது மாசமே அந்த டீம் வரலாற்றுல மொத நோ-ஹிட்டர, அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட் கூட விடாத மேட்ச, போட்டாரு.

கோல் கதை முக்கியம், ஏன்னா ஸ்கீன்ஸுக்கும் அதே ரூட்டுதான்னு ஃபேன்ஸ் பயப்படுறாங்க. 2011-ல டிராஃப்ட்ல மொத ஆளா பைரேட்ஸ் எடுத்தது கோல. வளத்தாங்க, பளபளன்னு ஆனதும் வித்தாங்க, 2019 டிசம்பர்ல நியூயார்க் யாங்கீஸ் 9 வருஷத்துக்கு 324 மில்லியன் குடுத்து தூக்குச்சு. வருஷத்துக்கு 36 மில்லியன். ஸ்கீன்ஸ 2023-ல அதே மாதிரி மொத ஆளா எடுத்தாங்க. அவரு 2025-ல வாங்குன சம்பளம் 8 லட்சத்து 75 ஆயிரம் டாலர். அது எப்படி இவ்ளோ கம்மின்னா, மொத மூணு வருஷம் வீரருக்கு பேரம் பேசுற உரிமையே கிடையாது, டீம் குடுக்கறதுதான், அடுத்த மூணு வருஷம் நடுவர் மூலமா கொஞ்சம் ஏறும், ஆறு வருஷம் முடிஞ்சாத்தான் இஷ்டப்பட்ட டீமுக்குப் போகலாம். ஸ்கீன்ஸ் 2024 மே மாசம்தான் உள்ள வந்தாரு, ஆனா அந்த வருஷ சிறந்த புதுமுகம் விருது வாங்குனதால முழு வருஷமா கணக்கு வச்சிட்டாங்க. அதனால 2029 சீசன் முடிஞ்சா அவரு ஃப்ரீ.

பிட்சரோட கை வேற, எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது. அவர் கூட கை கோத்து வருவாருன்னு எல்லாரும் நம்புன ஜாரட் ஜோன்ஸுக்கு 2025 மே மாசம் முழங்கைல ஆபரேஷன். அதனாலதான் ஒரு வருஷம் வீணாப் போனா ஊருக்கே பதறுது. சூப்பர்ஸ்டார் பிட்சர் கைல வச்சிக்கிட்டு 2025 சீசனுக்கு முன்னாடி வெளி மார்க்கெட்ல இவங்க வாங்குனது யாரு? டாமி ஃபாம், ஆடம் ஃப்ரேஸியர், ஆண்ட்ரூ ஹீனி. எல்லாம் ஒரு வருஷ கான்ட்ராக்ட், வயசானவங்க. மார்க்கெட் மூடுற நேரத்துல போய் மிச்சமிருக்கற கத்திரிக்காய பொறுக்குன மாதிரி. சீசன் ஆரம்பிச்சு 12-26ன்னு ஆனதும் மேனேஜர் டெரிக் ஷெல்டன தூக்கிட்டாங்க, அவரு கைல குடுத்த சாமான் அதுதான, அவரு என்ன சமைப்பாரு. ஜூலைல பக்கத்து ஊர்க்காரரான டேவிட் பெட்னர யாங்கீஸுக்கும், 2029 வரைக்கும் கான்ட்ராக்ட் இருந்த கெப்ரையன் ஹேய்ஸ சின்சினாட்டிக்கும் அனுப்பி சம்பளச் சுமைய இறக்குனாங்க. ஹேய்ஸ் சரியா அடிக்கல, அந்த ட்ரேட்ட நான் குறை சொல்லமாட்டேன். மிச்சமான காசு திரும்ப டீமுக்கு வருமான்னு மட்டும்தான் எல்லாரும் கேட்டாங்க.

அந்த வருஷம் எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்துனது ரெண்டு சின்ன விஷயம். ராபர்டோ க்ளமென்டேன்னா அந்த ஊருக்கு சாமி மாதிரி. சரியா 3000 ஹிட், 1972 டிசம்பர் 31 ராத்திரி நிகராகுவா பூகம்பத்துல பாதிக்கப்பட்டவங்களுக்கு சாமான் ஏத்திட்டுப் போன ப்ளேன் விழுந்து செத்துப்போனாரு. அவரு நம்பர் 21, ரைட் ஃபீல்டு சுவரோட உயரமே அதனால 21 அடி. அந்தப் பக்கச் சுவர்ல இருந்த 21 அடையாளத்த எடுத்துட்டு கேன்ல விக்கற ஒரு மதுபான விளம்பரத்த ஒட்டிட்டாங்க. குடும்பத்துக்கே சொல்லல. சத்தம் பெருசானதும் மன்னிப்பு கேட்டு திரும்ப வச்சாங்க. அதே மாசம், ஸ்டேடியம் திறக்கும்போது ஃபேன்ஸ் காசு குடுத்து குடும்பத்துப் பேர செதுக்கி வாசல்ல பதிச்ச செங்கல்லுங்க ஒரு மறுசுழற்சி யார்டுல குவியலா கிடக்கற போட்டோ வெளில வந்துச்சு. செத்துப்போன அப்பா பேரு, தாத்தா பேரு எல்லாம் அந்தக் குவியல்ல. கல்லு தேஞ்சு போச்சு, வேற விதமா திரும்ப வைப்போம்னு விளக்கம் குடுத்தாங்க. ரெண்டுக்குமே பெருசா காசு செலவு ஒண்ணும் இல்ல. ஒரு போன் பண்ணிருந்தா போதும்.

ஓனருங்களுக்கும் பிளேயர்ஸ் யூனியனுக்கும் இப்ப இருக்கற சம்பள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதி முடியுது. உச்சவரம்பு வேணும்னு ஓனருங்க பக்கம் பேச்சு, ஒத்துக்கவே மாட்டோம்னு யூனியன். 1994-ல இதே சண்டைல சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற வேர்ல்ட் சீரிஸே நடக்கல. பைரேட்ஸ் மாதிரி ஊருங்களோட கோவத்த ஓனருங்க அவங்க வாதத்துக்கு உதாரணமா காட்டுவாங்க, பாத்தீங்களா சின்ன ஊரு எவ்ளோ கஷ்டப்படுதுன்னு. பெரியவர் கிட்ட போன்ல பேசும்போது இத கேட்டேன். மேல கூரை போடுறது இருக்கட்டும், மொதல்ல தரை போடச் சொல்லுன்னாரு. சீசன் டிக்கெட்ட அவரு எப்பவோ விட்டுட்டாரு. இப்ப ஸ்கீன்ஸ் போடுற நாளைக்கு மட்டும், எந்த நாள்னு உறுதியானப்புறம், ஒத்த டிக்கெட் வாங்கிட்டுப் போறாரு, ஸ்கீன்ஸ மாத்துனதும் எந்திரிச்சு பாலத்துல நடந்து வந்துடுறாரு.